ஃபீனிக்ஸ் வீட்டு முற்றத்துக்கு எந்தப் பாலைவனப் பூ?

புல்வெளியைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் சொனோரன் பாலைவனத்துக்கே உரிய பூச்செடிகளை வைக்கலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் அடுத்துத் தடுமாறுவது செடியைத் தேர்ந்தெடுப்பதில்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ், சான்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். நர்சரிக்குப் போனால் ஐந்தாறு வகைகள் வரிசையாக நிற்கும். எல்லாத் தொட்டியிலும் 'குறைந்த நீர் போதும்' என்று சீட்டு செருகியிருக்கும். சீட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறைவு, எந்த மாதத்தில் குறைவு, கொஞ்சம் கூடிப்போனால் செடி தாங்குமா என்பதில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பூவின் நிறத்தைப் பார்த்து வாங்குவதால்தான் பல வீடுகளில் முதல் கோடையிலேயே செடி போய்விடுகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு டெசர்ட் மேரிகோல்டுதான் முதல் செடி. அது ஒத்துவராத வீடுகள் சில உண்டு. அங்கே பாரி பென்ஸ்டிமனோ குளோப்மாலோவோ நன்றாக வரும். மெக்சிகன் கோல்டு பாப்பியும் பிரிட்டில்புஷ்ஷும் அழகானவைதான், ஆனால் அவற்றை மட்டும் நம்பி ஒரு முற்றத்தை அமைக்க முடியாது.

முதலில் இந்த ஊரின் மழையைப் பார்க்கலாம். ஃபீனிக்ஸில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சராசரியாக 7 அங்குலத்துக்குச் சற்று அதிகம், சுமார் 183 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதுவும் இரண்டு தவணையாக வருகிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை நிதானமாகப் பெய்யும் குளிர்கால மழை ஒன்று. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய இடியும் புழுதிக்காற்றுமாக வரும் மான்சூன் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஏப்ரல், மே, ஜூன் காய்ந்து கிடக்கும். 2023-இல் ஜூன் 30-இல் தொடங்கித் தொடர்ச்சியாக 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. செல்சியஸில் 43-க்கு மேல். இங்குள்ள காட்டுப் பூக்கள் இதற்கெல்லாம் பழகியவை. ஆனால் எந்தப் பூ எந்த மழையை நம்பிப் பூக்கிறது என்று பார்க்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரிதான்.

தண்ணீரைச் சேமிப்பது இங்கே பேச்சுக்காகச் சொல்வதில்லை. கொலராடோ ஆற்றில் பற்றாக்குறை என்று அமெரிக்க அரசு முதல்முறையாக அறிவித்தது 2021 ஆகஸ்டில். 2022-இல் அரிசோனாவுக்கு வரவேண்டிய பங்கில் ஐந்தில் ஒரு பகுதிக்குச் சற்றுக் குறைவான அளவு வெட்டப்பட்டது. வீடுகளில் செலவாகும் தண்ணீரில் பாதிக்கு மேல் செடி கொடிகளுக்கும் புல்லுக்கும்தான் போகிறது. புல்லை எடுத்தால் பணம் திருப்பித் தரும் நகராட்சிகளும் இருக்கின்றன. எடுத்த இடத்தில் சரியான செடி வந்தால்தான் அந்தச் சேமிப்பு நிலைக்கும்.

டெசர்ட் மேரிகோல்டு

நர்சரிச் சீட்டில் பெய்லியா மல்டிரேடியாட்டா என்று போட்டிருக்கும். மேரிகோல்டு என்றதும் துலுக்கச் சாமந்தியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம் என்பதற்கு மேல் நெருக்கம் இல்லை. இதன் இலைகள் வெண்மயிர் மூடிச் சாம்பல் நிறத்தில் தரையோடு கொத்தாக இருக்கும். அந்தக் கொத்திலிருந்து காம்புகள் ஓர் அடி, ஒன்றரை அடிக்கு எழும்பி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு மஞ்சள் பூ வைக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ, நெவாடா, கலிபோர்னியா, டெக்சாஸ், வட மெக்சிகோ என்று பரந்த நிலத்தில் நெடுஞ்சாலை ஓரங்களிலேயே இதைப் பார்க்கலாம். யாரும் தண்ணீர் ஊற்றாத, வெறும் சரளையான ஓரம். அந்த இடமே இந்தச் செடியின் குணத்தைச் சொல்லிவிடும்.

இதை முதலில் வைப்பதற்கு எனக்கு முக்கியமான காரணம், இது இரண்டு மழைகளையும் பயன்படுத்திக்கொள்கிறது. மார்ச்சில் பூக்கத் தொடங்கினால் நவம்பர் வரை விட்டு விட்டுப் பூக்கும். ஜூன் வறட்சியில் கொஞ்சம் ஓய்ந்தாலும், மான்சூனில் ஒரு நல்ல மழை விழுந்ததும் புதுக் காம்புகள் வந்துவிடும். இந்தப் பட்டியலில் உள்ள மற்ற எல்லாமே வசந்தத்தோடு பெரும்பாலும் முடிந்துபோகிறவை. கோடையில் வாசலில் ஒரு பூவாவது வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு போட்டியே இல்லை.

உயரம் குறைவு என்பதால் சின்ன முற்றத்திலும் அடங்கும். கவாத்து வேண்டாம். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் பூப்பது நீடிக்கும், கிள்ளாவிட்டாலும் நட்டமில்லை. இதழ்கள் உதிராமல் வெளிறிக் காகிதம்போல் காய்ந்து காம்பிலேயே நிற்கும். குளிரும் ஒரு பிரச்சினையில்லை. ஃபீனிக்ஸின் ஜனவரி உறைபனியை எளிதாகத் தாண்டிவிடும்.

குறைகளும் உண்டு. ஒரு செடியின் ஆயுள் குறைவு. ஓராண்டிலும் முடியலாம், இரண்டு மூன்று ஆண்டும் இருக்கலாம். ஆனால் தானாக விதை உதிர்ந்து சரளையில் முளைத்துக்கொண்டே இருப்பதால் கூட்டம் குறையாது. நட்ட இடத்தில் நட்டபடி நிற்க வேண்டும், கோடு பிடித்தது மாதிரி இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. இந்த வருடம் வாசல் பக்கம் இருந்தது அடுத்த வருடம் கார் நிறுத்தும் ஓரத்துக்குப் போயிருக்கும். முயல்கள் இளஞ்செடியை மேய்ந்துவிடும். கொல்லையில் ஆடு வளர்க்கிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் ஆட்டுக்கும் செம்மறிக்கும் இது நச்சு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, அதிகத் தண்ணீரைத் தாங்காது. அதைத் தனியாகப் பேசியாக வேண்டும்.

தண்ணீர் எப்படி வருகிறது?

இங்குள்ள புதிய குடியிருப்புகளில் முன்முற்றச் செடிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வால்வில் இணைந்திருக்கும். டைமர் சொன்ன நேரத்துக்குச் சொட்டுநீர்க் குழாயின் எல்லாச் சொட்டுவாயும் ஒன்றாகத் திறக்கும். பக்கத்தில் மல்லிகையும் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் இருந்தால் டைமர் அவற்றின் தேவைக்கே ஓடும். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுகூட வைத்திருப்பார்கள். கறிவேப்பிலைக்கு அது வேண்டும். அதே குழாயில் டெசர்ட் மேரிகோல்டை இணைத்தால் முதலில் இலைகள் பச்சையாகத் தழைக்கும், பூ குறையும், காம்பு சாய்ந்து விழும், பிறகு ஒரு வாரத்தில் அடிக்கொத்து அழுகிவிடும். வெயிலில் செடி வாடுகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது.

இதற்கு வழி இருக்கிறது. நட்ட முதல் சில வாரங்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை. முதல் கோடை முழுவதும் அந்த வாரத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அக்டோபர் வந்ததும் அந்தச் செடிக்குப் போகும் சொட்டுவாயை அடைத்துவிடுங்கள். 'கூஃப் பிளக்' என்று சொட்டுநீர்ச் சாமான் இருக்கும் எந்த ஹார்டுவேர் கடையிலும் சின்ன அடைப்பான் கிடைக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து குளிர்காலத்தில் மழை பெய்தால் எதுவும் வேண்டாம். கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓஸ் பைப்பால் நன்றாக நனைத்தால் போதும்.

நன்றாக நனைப்பது என்றால் ஆழம்தான் கணக்கு. இந்தப் பகுதியில் தோட்டக்காரர்கள் 1-2-3 என்று ஒரு விதி சொல்வார்கள்: சிறு பூச்செடிகளுக்கு 1 அடி ஆழம், புதர்களுக்கு 2 அடி, மரங்களுக்கு 3 அடி. நீளமான ஸ்குரூடிரைவரை மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஈரம் உள்ளவரை சுலபமாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். தினமும் ஐந்து நிமிடம் தெளிப்பது இந்தச் செடிகளுக்கு எந்த நன்மையும் செய்யாது. வேர் மேலேயே சுருண்டு நிற்கும், அடியில் உப்பு சேரும்.

மண்ணையும் சோதியுங்கள். இங்கே பல இடங்களில் ஓரிரு அடிக்குக் கீழே கலீச்சி என்று சொல்லும் சுக்கான் பாறைப் படிவம் இருக்கும். கடப்பாறை போட்டால் நங்கென்று நிற்கும். குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் நான்கு அங்குலமாவது இறங்கவில்லை என்றால் அங்கே வடிகால் இல்லை. குழியில் நடாமல் மண்ணும் சரளையுமாக மேடு கட்டி அதன்மேல் நடுவதே நல்லது. தொழுஉரம், மண்புழு உரம் எல்லாம் வேண்டாம். ஊரில் எந்தச் செடியை வைத்தாலும் ஒரு கூடை எரு போட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான். ஆனால் சத்து கூடினால் இந்தச் செடிகள் இலையைப் பெருக்கிக்கொண்டு பூவைக் குறைத்துவிடும், களையும் கூடவே கொழுக்கும்.

ஆக, டைமரைத் தொடவே மனமில்லை, எல்லாம் ஒரே குழாயில்தான் ஓட வேண்டும் என்றால் டெசர்ட் மேரிகோல்டு உங்களுக்கு வேண்டாம். அந்த வீட்டுக்குப் பென்ஸ்டிமன் ஓரளவு பொருந்தும்.

பாரி பென்ஸ்டிமன்

தெற்கு அரிசோனாவும் மெக்சிகோவின் சொனோரா மாநிலமும் இதன் சொந்த நிலம். ஆண்டின் பெரும்பகுதி தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகத்தான் இருக்கும். பிப்ரவரி பிறந்ததும் அதிலிருந்து மூன்று நான்கு அடிக்குத் தண்டுகள் எழும்பி, இளஞ்சிவப்பில் குழல் வடிவப் பூக்கள் அடுக்கடுக்காக மலரும். ஏப்ரலோடு முடிந்துவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு இணையாக இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை என்றே சொல்வேன். தேன்சிட்டைவிடச் சிறிய ஹம்மிங்பேர்டுகள் காலையிலிருந்து மாலைவரை இந்தத் தண்டுகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். அன்னா, கோஸ்டா என்ற இரண்டு வகைகளும் ஃபீனிக்ஸிலேயே குளிர்காலத்தில் இருப்பவை. பூ குறைந்த நாளில் அவற்றுக்குத் தேன் கிடைப்பது இந்த மாதிரிச் செடிகளில்தான்.

மேரிகோல்டைவிட இது கொஞ்சம் கூடுதல் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். அதற்காகக் கறிவேப்பிலைக்கு விடும் தண்ணீர் முழுதையும் இதற்கு விடலாம் என்று அர்த்தமில்லை. கோடையில் மண் காய நேரம் கொடுக்காவிட்டால் இதுவும் அழுகும். ஆனால் வாரம் ஒருமுறைத் தண்ணீரில் பல ஆண்டு நிற்கும். இன்னொரு வசதி, மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

இந்த நிழல் விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். வாஸ்து பார்த்துக் கிழக்கு வாசல், வடக்கு வாசல் என்று தேடி வீடு வாங்கியவர்கள் நிறைய பேர். கிழக்கு வாசல் என்றால் முன்முற்றத்துக்குக் காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், பிற்பகலில் வீட்டின் நிழல் விழும். சுவரை ஒட்டிய இடத்துக்குப் பென்ஸ்டிமன், தெருப்பக்கம் திறந்த இடத்துக்கு மேரிகோல்டு என்று பிரித்துக்கொள்ளலாம். வடக்கு வாசல் கொஞ்சம் சிக்கல். டிசம்பர் உச்சியில் இங்கே சூரியன் 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 12 அடி உயரச் சுவரின் நிழல் அப்போது 18 அடிக்கு நீளும். வசந்தத்தில் பூக்க வேண்டிய செடிகள் குளிர்கால வெயிலில்தான் வளர்கின்றன என்பதால், அந்த 18 அடிக்குள் எதை வைத்தாலும் சோர்ந்துபோகும். மாடி வீடென்றால் நிழல் இன்னும் நீளம். வடக்கு வாசல்காரர்கள் முன்முற்றத்தை மறந்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் நடுவதே உத்தமம். மேற்கு வாசல் வீட்டுக்கு எதிர்நிலை: பிற்பகல் வெயிலோடு சிமெண்ட் தளத்தின் சூடும் திரும்ப அடிக்கும். அங்கே மேரிகோல்டு, குளோப்மாலோ, பிரிட்டில்புஷ் மூன்றும் நிற்கும்; பென்ஸ்டிமன் திணறும்.

குளோப்மாலோ

துத்திப் பூவைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே குடும்பம். வெண்டை, பருத்தி, செம்பருத்தி எல்லாம் இதற்கு உறவு. மூன்றடி உயரம், மூன்றடி அகலத்துக்குப் புதராக வளர்ந்து, வசந்தத்தில் செம்மஞ்சள் பூக்களால் மூடிக்கொள்ளும். இளஞ்சிவப்பு, வெள்ளை, ஊதா, சிவப்பு வகைகளும் உண்டு. வறட்சியைத் தாங்குவதில் மேரிகோல்டுக்குக் குறைந்ததில்லை. நல்ல மழைக்குப் பிறகு வேறு மாதங்களிலும் கொஞ்சம் பூக்கும்.

இதை நான் பரிந்துரைப்பதற்குத் தேனீக்கள்தான் காரணம். டயடேசியா என்ற தனித்து வாழும் தேனீ இனத்தில் ஒன்று இந்தப் பூவையே முக்கியமாக நம்பி வாழ்கிறது. கூடு கட்டிக் கூட்டமாக வாழும் தேனீ இல்லை அது. பெண் ஈக்கள் தனித்தனியாக மண்ணில் வளை தோண்டும். ஆண் ஈக்கள் மாலையானால் இந்தப் பூக்கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு தூங்கும். அதிகாலையில் பூவுக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று சேர்ந்தே கிடக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எச்சரிக்கையும். இதன் இலை, தண்டு எங்கும் நுண்ணிய மயிர்கள் உண்டு. தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரிச்சல் எடுக்கும். சிறு குழந்தைகள் ஓடியாடும் பாதையோரத்தில் இதை வைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அடிக்குக் கீழே வெட்டிவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் விறகாகிப் பிளந்து விழும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். இடம் இருக்கிறது, குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் தாராளமாக வையுங்கள்.

பிரிட்டில்புஷ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மார்ச்சில் சவுத் மவுன்டன் சரிவுகள் மஞ்சளாக மாறுவது இதனால்தான். வெள்ளி இலை, மூன்று நான்கு அடிப் புதர். தண்டில் வடியும் பிசினை அந்தக் கால மிஷன் தேவாலயங்களில் சாம்பிராணிபோல் எரித்திருக்கிறார்கள். கடும் வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், மழை வந்தால் துளிர்க்கும். தண்ணீர் கூடினால் வெள்ளி நிறம் போய்ப் பச்சையாகி ஒல்லியாக நீளும். தூரத்து மூலைக்கு ஒன்று போதும்.

கோல்டு பாப்பி

ஃபீனிக்ஸிலிருந்து டூசான் போகும் வழியில், ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் பிக்காச்சோ பீக் மலையடிவாரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். குளிர்கால மழை நன்றாக இருந்த ஆண்டில் அந்த அடிவாரம் முழுவதும் பொன்னிறம். மழை பொய்த்த ஆண்டில் அங்கொன்று இங்கொன்று. இந்தச் செடியின் இயல்பே அப்படி. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதைத்து மடிந்துவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூ. மே மாதம் முதல் அக்டோபர் வரை வெறும் தரை. தொட்டியில் வாங்கி நட்டால் பிழைப்பதும் கடினம், வேரைத் தொந்தரவு செய்வது அதற்குப் பிடிக்காது. அக்டோபர், நவம்பரில் விதையை நேரே மண்ணில் தூவத்தான் வேண்டும்.

வீட்டில் மழை பொய்த்தாலும் நாம் ஈரம் கொடுத்து முளைக்க வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஆறு மாதம் வெறுமையாகக் கிடக்கும் முற்றத்தை யார் விரும்புவார்கள்? அதனால் இதை மேரிகோல்டு இருக்கும் அதே சரளையில் தூவிவிடுவதுதான் என் யோசனை. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே வெயில். பாப்பி ஏப்ரலில் காய்ந்து போகும்போது மேரிகோல்டு வேகமெடுத்திருக்கும்.

விதையா, தொட்டிச் செடியா

மேரிகோல்டுக்கு இரண்டும் நடக்கும். தொட்டிச் செடி என்றால் அக்டோபரில் நட்டு அடுத்த மார்ச்சிலேயே பூ பார்க்கலாம். விதை மலிவு, பெரிய இடத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். மெல்லிய விதை என்பதால் உலர்ந்த மணலோடு கலந்து வீசி, மேலோட்டமாக ரேக்கால் இழுத்துவிட்டால் போதும். ஆழமாக மூடினால் முளைக்காது. முளைக்கும்வரை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் கூடாத காலம் அது ஒன்றுதான். எறும்பும் குருவியும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதற்கும் சேர்த்துத் தூவுங்கள்.

பென்ஸ்டிமனை விதையிலிருந்து வளர்த்தால் முதல் ஆண்டு இலைக்கொத்து மட்டும்தான். இரண்டாம் வசந்தத்தில்தான் பூ. பொறுமை உள்ளவர்கள் செய்யலாம், மற்றவர்கள் தொட்டிச் செடியே வாங்குங்கள். குளோப்மாலோ விதைக்குத் தோல் கடினம். உப்புத்தாளில் லேசாக உரசிவிட்டுத் தூவினால் முளைப்பு கூடும். ஆனால் விதையில் நிறம் உறுதியில்லை.

விதை போடுகிறவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று. முற்றத்தைப் பராமரிக்க ஆள் வைத்திருந்தால், அவர்கள் இலையுதிர் காலத்தில் சரளைமேல் 'ப்ரீ-எமர்ஜென்ட்' என்ற களை முளைக்காமல் தடுக்கும் மருந்தை அடிப்பது வழக்கம். அதற்குக் களை எது, காட்டுப் பூ எது என்று தெரியாது. அந்த மருந்து பட்ட மண்ணில் மாதக்கணக்கில் எந்த விதையும் எழாது. அடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதன் வீரியம் தீர்ந்த அடுத்த பருவத்தில் விதையுங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் தொட்டிச் செடிதான் வழி.

மருந்தை நிறுத்தினால் களை வரும், அதைக் கையால் எடுக்கத்தான் வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து, ஃபீனிக்ஸ் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பரவிவிட்ட ஸ்டிங்க்நெட் என்ற களையை மட்டும் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கேரட் இலை மாதிரி நறுக்கிய இலை, சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைப் பூ. இளம் பருவத்தில் பாப்பி நாற்று என்று நினைத்து விட்டுவிட வாய்ப்பு அதிகம். இலையைக் கசக்கினால் குப்பென்று நெடி அடிக்கும், பாப்பியில் அது இருக்காது. பூப்பதற்கு முன்னால் பிடுங்கிவிட வேண்டும். கடைகளில் கிடைக்கும் 'வைல்டுஃபிளவர் மிக்ஸ்' பொட்டலங்களையும் பார்த்து வாங்குங்கள். இந்த மண்ணுக்கு அந்நியமான ஆப்பிரிக்கன் டெய்சி போன்றவை பலவற்றில் கலந்திருக்கும். தனித்தனி இனமாக வாங்குவதே மேல்.

மலையில் பூத்திருப்பதைத் தோண்டி எடுத்துவரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. அரிசோனாவில் நாட்டுத் தாவரங்களுக்கென்றே பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எடுப்பது தவறு. எடுத்துவந்தாலும் பிழைக்காது.

எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பில் இருப்பவர்கள் முன்முற்றத்தை மாற்றும் முன் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தானாக முளைத்த மேரிகோல்டு நாற்று களையாகத் தெரியலாம். செடிகளைச் சுற்றி ஒரு கல் வரிசை வைத்து எல்லை காட்டிவிட்டால், அது திட்டமிட்டு வைத்த பாத்தி என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும். ஏப்ரல் கடைசியில் காய்ந்த பாப்பியையும் பென்ஸ்டிமன் தண்டுகளையும் விதை உதிர்ந்ததும் வெட்டி எடுத்துவிட்டால் புகார் வருவது குறையும்.

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கும் மேரிகோல்டு கிடைக்கும். ஓர் அடி ஆழமுள்ள மண் தொட்டி, கள்ளிச்செடிக்கு விற்கும் மண்கலவை, ஆறு மணி நேர வெயில். தொட்டி மண் சீக்கிரம் காய்வதால் கோடையில் வாரம் இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும். தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

பத்துக்குப் பத்து அடி இடமும் நல்ல வெயிலும் இருந்தால் நான் இப்படிச் செய்யச் சொல்வேன்: ஐந்து மேரிகோல்டு தொட்டிகள், இரண்டு பென்ஸ்டிமன் நிழல் விழும் பக்கம், இடைவெளி முழுவதும் அக்டோபர் இறுதியில் பாப்பி விதை. மேலே கால் அங்குலத்துக்கும் குறைவான பொடிச் சரளை மெல்லியதாக. பெரிய கற்களைக் கனமாகக் கொட்டினால் விதை முளைக்க வழியில்லை. முயல் நடமாட்டம் இருந்தால் முதல் குளிர்காலத்துக்குக் கோழிவலைக் கூண்டு. குளோப்மாலோவை இந்தப் பத்தடிக்குள் திணிக்காதீர்கள், மேரிகோல்டை மூடிவிடும்.

வாங்குவதற்கு ஃபீனிக்ஸ் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டனில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் செடி விற்பனைதான் நல்ல வாய்ப்பு. 1939-இல் தொடங்கிய தோட்டம். அங்கேயே இந்தச் செடிகள் முழு வளர்ச்சியில் நிற்பதையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். இரண்டு விற்பனைகளில் இலையுதிர் காலத்தையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் வேர் இறங்க ஏழெட்டு மாதம் கிடைக்கும். தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள், வேர் ஓட்டை வழியாக வெளியே சுருண்டிருந்தால் வேறு தொட்டி எடுங்கள். பூத்துக் குலுங்கும் பெரிய செடியைவிட, இன்னும் பூக்காத சின்னக் கொத்து சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். குளோப்மாலோ மட்டும் இதற்கு விலக்கு. நிறம் முக்கியம் என்றால் அதை வசந்தத்தில், பூவைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.